நாலு மணிச் சாப்பாட்டுக்கும் சேர்த்துப் பணம் கொடுங்கள்

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் அம்மா அப்பா இருவரும் வேலைக்குப் போகிற வீடுகளில், பள்ளி விட்ட பிள்ளை நேராக வீட்டுக்குப் போவதில்லை. நாலேகால், நாலரைக்கு அதே தெருவில் பிள்ளை பார்த்துக்கொள்ளும் அக்கா வீட்டுக்குப் போகிறது. அம்மா கம்பெனி பஸ் இறங்கி வரும்போது ஆறரை, ஏழு ஆகிவிடும். இந்த இரண்டரை மணி நேரத்தில் பிள்ளை சாப்பிடுவது பெரும்பாலும் காலையில் பையில் வைத்து அனுப்பிய பத்து ரூபாய் பாக்கெட்தான். அது இல்லாத நாளில் டீயும் பொறையும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாக்கெட் அனுப்புவதை நிறுத்துங்கள். அந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து மாதப் பணத்திலேயே அக்காவிடம் கொடுத்து, தினமும் ஒன்றைச் சமைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். பார்த்துக்கொள்வதற்கு மட்டும் பணம் கொடுத்துவிட்டு, பிள்ளை பசி என்றால் அவரே ஏதாவது கொடுத்துக்கொள்வார் என்று விடுவது அவருக்கும் நியாயம் இல்லை, பிள்ளைக்கும் நல்லதில்லை. மாவு, பயறு, கேஸ், அவருடைய நேரம் எல்லாவற்றுக்கும் விலை உண்டு. அதைப் பேசி வைத்துக்கொண்ட வீடுகளில்தான் பிள்ளைக்கு ஒழுங்காகக் கிடைக்கிறது.

இதை நொறுக்குத்தீனி என்று நினைப்பதில்தான் தப்பு ஆரம்பிக்கிறது. மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்ட பிள்ளைக்கு நாலரைக்கு வருவது உண்மையான பசி. ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) கணக்குப்படி 4 முதல் 6 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1360 கலோரி வேண்டும், 7 முதல் 9 வயதுக்கு 1700. இதில் 150 முதல் 200 கலோரி வரை சாயங்காலத்துக்கு ஒதுக்கினால் போதும், இரவுச் சாப்பாடு கெடாது. வந்ததும் கைகால் கழுவி, தண்ணீர் குடித்து, கால் மணி நேரத்துக்குள் தட்டு முன்னால் இருக்க வேண்டும். ஐந்து, ஐந்தேகாலுக்குள் முடிந்துவிட வேண்டும். கிண்ணத்தில் எதையாவது போட்டு டிவி முன்னால் உட்கார வைத்தால், ஆறரை வரை கொறித்துக்கொண்டே இருக்கும். பிறகு ஏழரைக்கு அம்மா சோறு பிசைந்தால் வாயே திறக்காது. 'பிள்ளை ராத்திரி சாப்பிடவே மாட்டேங்குது' என்கிற புகாரில் பாதி இந்த நேரக் குழப்பம்தான்.

பிஸ்கட்டில் என்ன கெடுதல் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. வெளியிலிருந்து சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 1360 கலோரியில் 5 சதவீதம் என்றால் 17 கிராம், அதாவது மூன்றரை டீஸ்பூன். வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் தேனும் இதே கணக்கில்தான் வரும். பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள். எது அதிகமாகச் சேர்க்கப்பட்டதோ அதுதான் பட்டியலில் முதலில் வரும். மைதா, சர்க்கரை, பாமாயில் என்று வரிசையாக இருந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாலில் கலக்கும் பவுடர்களுக்கும் இதே பார்வை வேண்டும். 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகையே உணவுச் சட்டத்தில் கிடையாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2024 ஏப்ரலில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

டீ பற்றி. வேண்டாம். அதில் உள்ள டானின் சாப்பாட்டிலிருக்கும் இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாது. நம் மாவட்டங்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: டீத்தூளில் ஃபுளோரைடு அதிகம்.

இந்த ஃபுளோரைடு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சாயங்காலத் தீனி பற்றிப் பேசுகிற யாரும் தண்ணீரைப் பற்றிப் பேசுவதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் பல ஊர்களில் ஃபுளோரைடு அதிகம் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். 2013-ல் வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே புளோரோசிஸ் தடுப்பும் சேர்ந்திருந்தது (ஃபுளோரைடு கூடிப்போய்ப் பல்லும் எலும்பும் கெடுவதுதான் புளோரோசிஸ்). குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை. நிலையான பற்களின் எனாமல் உருவாவது சுமார் எட்டு வயது வரை. அக்கா வீட்டில் இருக்கும் பிள்ளைகள் சரியாக அந்த வயதுக்காரர்கள். பள்ளிக்கூடத்துத் தண்ணீரையும் வீட்டுத் தண்ணீரையும் பார்க்கிற நாம், இரண்டரை மணி நேரம் இருக்கிற வீட்டில் குடிக்க என்ன தண்ணீர், கஞ்சி காய்ச்ச என்ன தண்ணீர் என்று கேட்பதே இல்லை. போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். மெழுகுவர்த்தி போல் இருக்கும் பழைய ஃபில்டரும் இதைப் பிடிக்காது. ஆர்.ஓ. பிடிக்கும். ஒகேனக்கல் தண்ணீர் வரும் தெருவானால் குடிக்கவும் சமைக்கவும் அதை மட்டும் ஒரு குடத்தில் தனியாகப் பிடித்து வைக்கச் சொல்லுங்கள். கால்சியமும் வைட்டமின் சி-யும் தினமும் சாப்பாட்டில் இருந்தால் ஃபுளோரைடின் பாதிப்பைக் குறைக்க உதவும். ராகி, பால், கொய்யா என்று இந்தப் பதிவில் திரும்பத் திரும்ப வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ராகி நம் ஊர்த் தானியம். ரேஷனில் கோதுமைக்குப் பதிலாக 2 கிலோ ராகி கொடுப்பதை 2023-ல் நீலகிரியிலும் தருமபுரியிலும்தான் முதலில் தொடங்கினார்கள். 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் உண்டு. ஒரு பிள்ளைக்கு 50 கிராம் மாவு என்று வைத்தால், ஒரு சின்ன டம்ளர் பாலில் கிடைக்கிற கால்சியம் அதில் இருக்கிறது. ஆனால் தானியத்திலிருக்கும் ஃபைடேட் என்ற பொருள் அந்தக் கால்சியத்தில் ஒரு பங்கைப் பிடித்துவைத்துக்கொள்ளும். முளைகட்டினால் அது குறையும். எட்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் ஒரு நாள் கட்டி வைத்து, முளை லேசாக எட்டிப்பார்த்ததும் நன்றாக உலர்த்தி, வெறும் சட்டியில் வறுத்து அரைக்க வேண்டும். உலர்த்துவதில் அவசரப்பட்டால்தான் கெடும். உள்ளே ஈரம் நின்ற மாவு ஒரு வாரத்தில் கட்டி பிடித்துப் பூஞ்சை வாடை அடிக்கும். அந்த மாவைச் சலித்துப் பயன்படுத்தப் பார்க்க வேண்டாம், கொட்டிவிடுங்கள்.

களி பிள்ளைகளுக்குச் சாயங்காலத்தில் கனம். புட்டு நன்றாக இறங்கும். ஐந்து பிள்ளைகளுக்கு 250 கிராம் மாவை அடி கனமான சட்டியில் சிறு தீயில் நாலைந்து நிமிடம், பச்சை வாசம் போகும்வரை வறுத்து ஆறவிடுங்கள். இரண்டு சிட்டிகை உப்புப் போட்ட வெதுவெதுப்பான தண்ணீரை, மொத்தம் 120 முதல் 150 மில்லி வரை, கையால் தெளித்துத் தெளித்துப் பிசிறுங்கள். பிடித்தால் பிடி நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். பத்து நிமிடம் மூடி வைத்தால் மாவு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அப்போது உலர்ந்திருந்தால் இன்னொரு கை தெளிக்கலாம். இட்லித் தட்டில் துணி போட்டு எட்டு முதல் பத்து நிமிடம் ஆவி. இறக்கி, ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவல், 25 கிராம் வெல்லத்தூள். ஆளுக்கு 5 கிராம் வெல்லம், ஏறக்குறைய 200 கலோரி. புட்டு ரப்பர் மாதிரி வந்தால் தண்ணீர் ஒரேயடியாக ஊற்றப்பட்டிருக்கிறது. தொண்டையில் மாவாக ஒட்டினால் ஊறவிடாமல் வேகவைத்திருக்கிறார்கள். கசந்தால் மாவு பழசு. பல்லில் ஒட்டுகிற பண்டம் இது, சாப்பிட்டதும் வாய் கொப்பளிக்க வையுங்கள்.

மொச்சை, காராமணி, கொள்ளு, கொண்டைக்கடலை எதுவாக இருந்தாலும் ஆளுக்கு 40 கிராம் உலர்ந்த பயறு கணக்கு. இதில் அடிக்கடி வரும் புகார், எட்டு மணி நேரம் ஊறியும் வேகவில்லை என்பது. பயறு பழசாக இருக்கலாம். இல்லையென்றால் தண்ணீர் காரணம். கடினமான போர் தண்ணீரில் இருக்கும் கால்சியம் பயறின் தோலை இறுக்கிவிடும். நல்ல தண்ணீரில் ஊறவைத்து, அதே மாதிரி நல்ல தண்ணீரில் வேகவைத்தால் குக்கரில் நாலைந்து விசிலுக்குப் பூவாக வெந்துவிடும். புளி, தக்காளி, எலுமிச்சை எதையும் வெந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். சோடா உப்புப் போட்டால் சீக்கிரம் வேகும், ஆனால் தயமின் (வைட்டமின் பி1) சத்தை அழித்துவிடும். கொள்ளை முளைகட்டினால் பிள்ளைகளுக்குப் பச்சையாகக் கொடுக்காதீர்கள். முளை விடுகிற ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிக்கும் பிடித்தவைதான். பத்து நிமிடம் ஆவியில் வைத்து, எலுமிச்சை நாலு சொட்டுப் பிழிந்து கொடுத்தால் பயறின் இரும்புச்சத்தும் நன்றாகச் சேரும். மதியம் வேகவைத்த சுண்டலை மேடையிலேயே விட்டுவிட்டு நாலரைக்குக் கொடுக்கக் கூடாது. வெயில் காலத்தில் இரண்டு மணி நேரம்தான் கெடு. கையில் பிசுபிசுத்தால் கதை முடிந்தது.

இனி நிலக்கடலை. சத்தில் குறையே சொல்ல முடியாது. ஆனால் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு முழுக் கடலை கொடுக்கவே கூடாது, இதில் விட்டுக்கொடுப்பது கிடையாது. நன்றாக மென்று அரைக்கப் பழகாத பிள்ளை அதை அப்படியே விழுங்கும். சிரித்தாலோ ஓடினாலோ மூச்சுக்குழாய்க்குள் போகும். பொரித்த பட்டாணி, கெட்டியான கடலை மிட்டாய், முழுத் திராட்சை, பச்சைக் கேரட் துண்டு, கொட்டையோடு சீதாப்பழம், இலந்தை எல்லாமே இதே வகை. திராட்சையை நீளவாக்கில் நாலாக வெட்டுங்கள், குறுக்கே வெட்டினால் பயனில்லை. அக்கா வீட்டில் மூன்று வயதும் ஒன்பது வயதும் ஒரே பாயில் உட்காரும். பெரிய பிள்ளையின் கையிலிருந்துதான் சின்னப் பிள்ளைக்குக் கடலை போகும். அதனால் கலந்திருக்கும் வீட்டில் எல்லோருக்குமே பொடித்ததுதான் சரி.

வறுத்துத் தோல் நீக்கிய கடலை 100 கிராம், பொட்டுக்கடலை 50 கிராம், வெல்லம் 40 கிராம். சொத்தை, சுருங்கியது, கறுத்தது, கசப்பது எல்லாவற்றையும் முதலில் பொறுக்கி எறிய வேண்டும், பூஞ்சை நஞ்சு அதில்தான் இருக்கும். மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் கக்கிக் களிம்பாகிவிடும். பன்னிரண்டு உருண்டை வரும், ஒன்று சுமார் 75 கலோரி, 3 கிராம் சொச்சம் வெல்லம். பெரிய பிள்ளைக்கு இரண்டு. மூன்று வயதுக்காரருக்கு உருண்டையாகக் கொடுக்காமல் பொடியாக மசித்த வாழைப்பழத்தில் கலந்து கொடுக்கலாம். கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளை ஒன்று இருந்தாலும் அந்த வீட்டுக்குள் கடலையே வேண்டாம்.

அடைத்துக்கொண்டால் வாய்க்குள் கண்மூடித்தனமாக விரல் விடக் கூடாது. இருமினால் இரும விடுங்கள். சத்தமே வரவில்லை என்றால் முன்னால் குனிய வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் ஐந்து தட்டு. வரவில்லையென்றால், ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தொப்புளுக்கு மேல் உள்ளும் மேலுமாக ஐந்து அழுத்தம். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்துகொண்டே 108 ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். அப்போது சரியானதுபோல் தெரிந்து, பிறகு நாள் கணக்கில் இருமலும் வீசிங்கும் இருந்தால் சளி என்று விடாமல் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். துணுக்கு உள்ளே இருக்கலாம்.

பழத்துக்கு நம் மாவட்டங்களில் குறையில்லை. கொய்யா 100 கிராமில் வைட்டமின் சி 200 மில்லிகிராமுக்கு மேல். சின்னப் பிள்ளைக்கு விதைப் பகுதியை எடுத்துவிடுங்கள். மாம்பழம் ஆளுக்கு 100 கிராம், நாலைந்து துண்டு. பாட்டில் மாம்பழ ஜூஸை இதற்கு ஈடாக வைக்காதீர்கள். கிருஷ்ணகிரியில் விளைகிற பெங்களூரா ரக மாம்பழம் இங்கேயே கூழாகி வெளியே போகிறது. ஆனால் பழபானம் என்று விற்க 10 சதவீதம் பழம் இருந்தாலே சட்டப்படி போதும், மற்றதெல்லாம் தண்ணீரும் சர்க்கரையும். பழத்தை மட்டும் கொடுத்தால் ஆறு மணிக்கே பசிக்கும். கூடவே 150 மில்லி பாலோ அரைக் கைப்பிடி பொட்டுக்கடலைப் பொடியோ வேண்டும். அரசுப் பள்ளியில் மதியம் முட்டை சாப்பிட்ட பிள்ளைக்குச் சாயங்காலம் இன்னொன்று அவசியமில்லை. மற்றவர்களுக்கு வேகவைத்த முட்டை நல்ல தேர்வு. சர்க்கரைவள்ளியும் அப்படியே, ஆவியில் வேகவைத்து, வெல்லம் இல்லாமல்.

கடை பஜ்ஜி, போண்டா எப்போதாவது என்றால் கூட எண்ணெயின் நிறத்தைப் பார்த்து வாங்குங்கள். கறுத்து, நுரைத்து, புகைகிற எண்ணெய் பல முறை காய்ந்தது. கண்ணைப் பறிக்கும் ரோஸ் நிற மிட்டாய் வேண்டவே வேண்டாம். ரோடமின் பி கலந்த பஞ்சு மிட்டாயை 2024 பிப்ரவரியில் தமிழக அரசு தடை செய்தது அந்தச் சாயத்துக்காகத்தான்.

அக்காவிடம் பேசும்போது கேட்க வேண்டியவை அதிகமில்லை. குடிக்க, சமைக்க என்ன தண்ணீர்? எத்தனை பிள்ளைகள், கடைசிப் பிள்ளைக்கு என்ன வயது? எதற்காவது ஒவ்வாமை என்றால் பெயரையும் பொருளையும் ஒரு தாளில் எழுதி அடுப்படியில் ஒட்டச் சொல்லுங்கள், வாயால் சொன்னது மறந்துபோகும். திங்கள் புட்டு, செவ்வாய் சுண்டல், புதன் பழமும் பாலும், வியாழன் கிழங்கு, வெள்ளி கடலை உருண்டை என்று ஒரு வாரத்துக்குப் பேசிக்கொண்டால் அவர் முந்தைய இரவே ஊறவைக்க முடியும். பிள்ளை மிச்சம் வைத்தால் திட்டித் திணிக்க வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். எவ்வளவு சாப்பிட்டது என்று மட்டும் ஐந்தரைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி போதும். 'புட்டு பாதிதான்' என்று வந்தால், கம்பெனி பஸ்ஸில் வரும்போதே ஏழரைக்கு வைக்க வேண்டிய சாப்பாட்டை ஏழு மணிக்கு வைத்துவிடலாம் என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும்.