கால்டெக் 26 ஆண்டுகள் ஓர் ஆட்டத்தில்கூட வெல்லவில்லையா?

"கலிஃபோர்னியாவின் கால்டெக் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆண்கள் கூடைப்பந்து அணி 26 ஆண்டுகள் ஓர் ஆட்டத்தில்கூட வெல்லவில்லை, 2011இல்தான் முதல் வெற்றி" என்ற தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

1985 முதல் தொடர்ந்த அந்த 310 தோல்விகள் அதன் வட்டார லீக் ஆட்டங்களில் மட்டுமே. லீக்குக்கு வெளியே அணி வென்றிருக்கிறது: 2007 ஜனவரி 6 அன்று பார்ட் கல்லூரியை 81-52 என வீழ்த்தியது. சின்ன வெற்றியா அது? 29 புள்ளி வித்தியாசம்!

லீக் தோல்விகள் முடிந்தது 2011 பிப்ரவரி 22 அன்று. ஆக்ஸிடென்டல் கல்லூரி அணியுடன் 45-45 எனச் சமநிலை. கடைசி நொடிகளில் கால்டெக்கின் ஒரே ஒரு ஃப்ரீ த்ரோ (எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் தடையற்ற வீச்சு) வளையத்துக்குள் விழுந்தது. 46-45.

கால்டெக்கின் விளையாட்டு இணையதளத்திலும் அன்றைய நாளிதழ்ச் செய்திகளிலும் சரிபார்க்கலாம். படிப்புக்கு நடுவே பயிற்சி செய்து விளையாடிய மாணவர்கள் அவர்கள். பெற்ற வெற்றியை மறைக்கும் இந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.