பொள்ளாச்சியில ஓடும், கஞ்சிக்கோட்டுல ஓடாது

நம்ம ஆபீஸ் லினக்ஸ் மெஷின், உபுண்டு 22.04-ல கம்பைல் பண்ணின சின்ன சி புரோகிராம். வாளையாறு தாண்டி கஞ்சிக்கோட்டு எடைமேடைக்குப் போனதும் ‘ஜிலிப்சி 2.34 எங்கே?’னு படுத்துக்குது. ஜிலிப்சிங்கிறது உபுண்டுல சி புரோகிராமுங்க சாய்ஞ்சு நிக்கிற பொது லைப்ரரி. அங்க இருக்கிறது உபுண்டு 20.04, ஜிலிப்சி 2.31. வெளிய லாரி வரிசை, போன்ல “அண்ணா, லோடு நிக்குதுங்க”.

அப்படி என்ன புதுசா கேட்டுட்டேன்? மெயின், பிரிண்ட்எஃப், அவ்வளவுதான்! 2021-ல வந்த 2.34-ல, மெயினைக் கூப்பிடுற தொடக்க ஃபங்ஷனுக்கே புது வெர்ஷன் முத்திரை குத்திட்டாங்க. புதுசுல கம்பைல் பண்ணினா, ஒண்ணுமே செய்யாத புரோகிராம்கூட இனி பழைய மெஷின்ல ஓடாது. என்னா பெருந்தன்மை!

“ஸ்டாட்டிக்கா லிங்க் பண்ணு”ம்பாங்க, அதாவது லைப்ரரியையும் புரோகிராமுக்குள்ளயே சேர்த்துக் கட்டுறது. நெட்வொர்க் முகவரி தேடுற கெட்அட்ரின்ஃபோ இருக்கிற புரோகிராமுக்கு அப்படிப் பண்ணினா, அதைப் பார்த்ததும் ‘ஓடும்போது இதே ஜிலிப்சி வேணும்’னு லிங்கர் எச்சரிக்குது. அப்புறம் என்னத்துக்குய்யா ஸ்டாட்டிக்?

ஆல்பைன்னு இன்னொரு லினக்ஸ், அது இன்னும் மோசம். அங்க ஜிலிப்சிக்குப் பதிலா மசல்னு வேற சி லைப்ரரி. ஃபைல் பட்டியல் காட்டுற எல்எஸ் போட்டா நம்ம ஃபைல் கல்லு மாதிரி இருக்கு, ஓட்டினா ‘நாட் ஃபவுண்ட்’. காணாமப் போனது நம்ம ஃபைல் இல்ல, அதை லைப்ரரியோட கோத்து ஓட்டிவிடுற ஜிலிப்சி லோடர். அதைச் சொன்னா வாய் வலிக்குமா?

இதுல பக்கத்து சீட்டுத் தம்பி, “டாக்கர் போட்டுடலாங்கண்ணா”ங்கிறான். லாரி எடையைக் காட்டுறதுக்கு, புரோகிராமையும் அதுக்கு வேண்டிய லைப்ரரிகளையும் ஒரே பெட்டியில கட்டி அனுப்புற டாக்கரு!