அந்த 217 நிமிடத்தைத் தாண்டியும் ஸ்டூர்ஹாமரைப் பேசுவோம்

நார்வேயின் ஸ்டூர்ஹாமர் ஐஸ் ஹாக்கி கிளப்பைப் பற்றிப் பேச்சு வந்தாலே, 2017இல் அது 217 நிமிடம் ஆடிய, உலகின் மிக நீண்ட தொழில்முறை ஐஸ் ஹாக்கி ஆட்டத்தில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. இது அந்தக் கிளப்புக்குச் செய்யும் அநியாயம் என்பேன். ஊருக்குப் பொருத்தமான அளவில் ஓர் அரங்கு அமைந்தால் ஒரு சிறு நகரத்து அணி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் ஐரோப்பாவிலேயே குறைவு.

ஓஸ்லோவுக்கு வடக்கே, மியோசா ஏரிக்கரையில் இருக்கிறது ஸ்டூர்ஹாமரின் ஊரான ஹாமர். முப்பதாயிரம் சொச்சம் மக்கள். 1957இல் தொடங்கிய கிளப்புக்கு முதல் தேசியப் பட்டம் கிடைத்தது 1995இல்தான். பிறகு 1996, 1997 என்று வரிசையாக மூன்று பட்டங்கள். முதல் பட்டத்துக்கு முந்தைய ஆண்டு நடந்தது 1994 லில்லஹாமர் குளிர்கால ஒலிம்பிக்.

ஒலிம்பிக்குக்காக ஹாமரில் ஓர் அரங்கம் எழுந்தது, 1992இல் திறந்தார்கள். பெண்கள் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் அமெரிக்காவின் டோன்யா ஹார்டிங் அறுந்த ஷூ லேஸோடு நடுவர்களிடம் போய் நின்றாரே, நான்சி கெரிகனைத் தாண்டி ஒக்சானா பையுல் தங்கம் வாங்கினாரே, அதெல்லாம் இதே அரங்கில்தான். அங்கே நடந்தவை ஃபிகர் ஸ்கேட்டிங்கும் ஷார்ட் டிராக் என்ற குறுவட்ட ஸ்கேட்டிங் பந்தயமும் மட்டுமே. ஹாக்கி வேறு ஊர்களில் நடந்தது. ஆனால் அந்த இரண்டு போட்டிகளுக்கும் தேவைப்பட்ட தளம் 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அப்போதைய சர்வதேச ஹாக்கி ஆடுகளமும் அதே அளவு. ஒலிம்பிக் முடிந்ததும் இடித்துக் கட்ட வேண்டியது எதுவுமில்லை. சுற்றுப் பலகை, கண்ணாடித் தடுப்பு, கோல் கம்பங்கள் இருந்தால் ஸ்டூர்ஹாமரின் ஆட்டம் தயார்.

பனியை மட்டும் மாற்றிப் பராமரிக்க வேண்டும். ஃபிகர் ஸ்கேட்டிங்குக்குச் சற்று மென்மையான, தடிமனான பனி தேவை. மேற்பரப்பு மைனஸ் 3, 4 டிகிரியில் இருக்கும். ஸ்கேட்டின் முன்பல் குத்தினால் பெயர்ந்துவிடக் கூடாது. ஹாக்கிக்கு மைனஸ் 5, 6 டிகிரியில், மூன்று சென்டிமீட்டர் அளவில் கெட்டியான பனி வேண்டும். பனி மெத்தென்றிருந்தால் பக் (ஹாக்கியின் ரப்பர் வட்டு) துள்ளும், பாஸ் பாதியிலேயே நின்றுவிடும்.

மற்ற ஒலிம்பிக் அரங்குகளின் கதையையும் பாருங்கள். லில்லஹாமரின் ஹோகன்ஸ் ஹாலில் பத்தாயிரம் பேருக்கு மேல் கொள்ளும். லில்லஹாமரைப் போன்ற சிறிய ஊருக்கு அது மிகப் பெரிது. உள்ளூர் அணிக்கு அருகிலிருந்த சின்ன கிறிஸ்டின்ஸ் ஹாலே போதுமாக இருந்தது. யோவிக்கில் மலையைக் குடைந்து ஓர் அற்புதமான அரங்கு கட்டினார்கள். அங்கே நாட்டின் உச்ச லீக்கில் நிலைத்து நிற்கும் அணி வளரவில்லை. ஹாமரில் அரங்கமும் அளவாக இருந்தது, அதை நிரப்ப அணியும் ஊரும் காத்திருந்தன.

இனி அந்த இரவு. 2017 மார்ச் 12, கால் இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டம், எதிரணி சார்ப்ஸ்போர்கின் ஸ்பார்ட்டா. மாலை ஆறு மணிக்குத் தொடங்கியது. 60 நிமிட முடிவில் 1-1. நார்வே பிளே-ஆஃபில் டிரா கிடையாது, பெனால்ட்டி ஷூட் அவுட்டும் கிடையாது. இருபது இருபது நிமிடமாக, முழு அணியோடு, யாராவது கோல் போடும்வரை ஆடியே தீர வேண்டும். எட்டாவது ஓவர்டைமில், 17 நிமிடம் 14 வினாடி ஆனபோது ஜோகிம் யென்சன் போட்ட கோலில் ஸ்டூர்ஹாமர் 2-1 என்று வென்றது. அப்போது மணி அதிகாலை 2.32. 1936இல் டெட்ராய்ட்டும் மான்ட்ரியல் மரூன்ஸும் ஆடிய 176 நிமிடம் 30 வினாடி சாதனை எங்கோ பின்னால் போயிருந்தது.

ஏன் அவ்வளவு நேரம் கோல் விழவில்லை? வீரர்களின் களைப்பு பாதிக் காரணம்தான். இடைவேளையில் ஜம்போனி வண்டி தளத்தை மெல்லச் சீவிவிட்டு, சுமார் 60 டிகிரி வெந்நீரை ஊற்றிப் போகும். வெந்நீர் கீறல்களின் மேல்பகுதியைக் கொஞ்சம் உருக்கி, பழைய பனியோடு ஒட்டி உறையும். ஆனால் ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் ஸ்கேட்டுகள் சுரண்டிய தூள் மறுபடி குவிந்துவிடும். தூளில் பக் வேகம் இழக்கும். நனைந்த கையுறையில் மட்டைப் பிடி வழுக்கும். மழுங்கிய ஸ்கேட்டோடு சட்டென்று திரும்ப முடியாது. தாக்குதல் ஆட்டத்துக்கோ வேகமான பக், உறுதியான பிடி, கூரான ஸ்கேட் அத்தனையும் வேண்டும். தடுப்பவர் கோலுக்கு முன்னால் இடம் பிடித்து நின்றாலே பாதி வேலை முடிந்தது. அதனால்தான் நீண்ட ஓவர்டைம்களில் அழகான கோல்களைவிட ஒற்றை ஷாட்டில் முடியும் கோல்களே அதிகம்.

எனக்கு அந்த இரவைவிட 2018 பட்டமே பெரிது. 2008இல் வாங்கிய பட்டத்துக்குப் பிறகு பத்து ஆண்டுக் காத்திருப்பு. அந்த இடைவெளியில் போட்டி அணியான ஸ்டவாங்கர் ஆயிலர்ஸ் தொடர்ந்து ஆறு முறை சாம்பியன். கனடாவின் எட்மன்டனிலும் ரஷ்யாவிலும் ஆடிவிட்டு ஊர் திரும்பிய பாட்ரிக் தோரேசன் அந்த 2018 அணியில் இருந்தார். அவருடைய அப்பா பெட்டர் தோரேசனும் இதே கிளப்புக்குப் பயிற்சியாளராக இருந்தவர். 2024இல் பட்டம் மறுபடி ஹாமருக்கு வந்தது. ஸ்டூர்ஹாமரைப் பற்றி எழுதுபவர்கள் இந்த ஆண்டுகளையும் எழுதுங்கள்.