அட்டிலாவுக்கு முன்பே தொடங்கிய கதை

ரோமின் வீழ்ச்சி பற்றிய கட்டுரையில், ஹூணர் என்ற நாடோடி இனத்தின் அரசன் 'அட்டிலாதான் ரோமை வீழ்த்தினான்' என்று எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. 452-ல் அவன் இத்தாலிக்குள் புகுந்து அக்விலேயா நகரை அழித்தது உண்மை. ஆனால் ரோம் நகருக்குள் நுழையாமலே திரும்பிவிட்டான், அடுத்த ஆண்டே இறந்தும் போனான். மேற்கு ரோமப் பேரரசில் பேரரசர் பதவி பறிபோனது 476-ல்.

ஹூணர்கள் உண்டாக்கிய பெரிய சேதம் அதற்கு வெகுமுன்பே, மறைமுகமாக நடந்தது. அவர்களுக்குப் பயந்து 376-ல் கோத்துகள் என்ற ஜெர்மானிய மக்கள் குடும்பம் குடும்பமாக ரோம எல்லையான டான்யூப் ஆற்றின் கரைக்கு வந்து அடைக்கலம் கேட்டார்கள். கிழக்கு ரோமப் பேரரசர் வேலன்ஸ் அனுமதித்தார். சரி, அதற்கப்புறம் ரோம அதிகாரிகள் செய்ததுதான் கொடுமை. பட்டினி கிடந்தவர்களுக்கு நாய்க்கறியைக் கொடுத்து, பதிலுக்கு அவர்களின் பிள்ளைகளை அடிமைகளாக வாங்கினார்கள். இதை எழுதி வைத்த அம்மியானஸ் மார்செல்லினஸ் ரோமப் படையில் இருந்தவர், எதிரி அல்ல. இரண்டே ஆண்டில், கோத்துகளுடன் நடந்த அட்ரியானோப்பிள் போரில் வேலன்ஸே கொல்லப்பட்டார். இந்தப் பகுதியைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது வருத்தமாக இருக்கிறது.

இன்னொன்றையும் சேர்த்திருக்கலாம். மேற்கின் கடைசிப் பேரரசராகச் சொல்லப்படும் ரோமுலஸ் அகஸ்டுலஸின் தந்தை ஒரெஸ்டஸ், ஒரு காலத்தில் அட்டிலாவிடமே செயலராக இருந்தவர்.