மருந்து ஊத்துறதுக்கு முன்னாடி புழுவ உறிஞ்சி எடுத்துருங்க

மேல ஒரு அண்ணன், ரீஃப் டேங்க்ல (பவளம் வளக்குற உப்புத்தண்ணி மீன் தொட்டி) சிவப்பு ஃப்ளாட்வார்ம், அதாவது சின்ன தட்டப்புழு வந்தா மருந்த ஊத்துனா போதும், செத்த புழுவால மீனுக்கும் பவளத்துக்கும் ஒண்ணும் ஆகாது, ஸ்கிம்மர் (தண்ணி அழுக்க நுரையாக்கிப் பிரிக்கிற மெஷின்) பாத்துக்கும்னு போட்டுருக்காங்க, நெறைய பேரு ஷேரும் பண்ணிருக்கீங்க. அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க, மருந்து புழுவக் கொல்லும்ங்கறது சரிதான், ஆனா செத்த புழு சும்மா இருக்காது. அது சாகும்போது ஒடம்புல இருக்க நஞ்சு தண்ணில கலக்குது. பத்து இருபதுன்னா தெரியாது, கல்லு மண்ணெல்லாம் துரு புடிச்ச மாதிரி படர்ந்து கெடந்தா ஒரே நாள்ல மொத்த மீனும் போயிரலாம். அதனாலதான் முதல்ல மெல்லிசு ட்யூப் வச்சு முடிஞ்ச மட்டும் உறிஞ்சி எடுக்கணும், அப்பறம் மருந்து, புழு சாக ஆரம்பிச்சதும் திரும்ப உறிஞ்சி, புது கார்பன் (தண்ணில இருக்க நஞ்ச இழுக்குற கரி) போட்டு, தண்ணி மாத்தணும். எங்க காரைக்குடில நல்ல உப்புத்தண்ணி கெடைக்கிறதே பாடு, அதனால மாத்துறதுக்கான தண்ணிய முந்தின நாளே கலக்கி, சூடும் உப்பும் சரி பாத்து வச்சுருங்க.

நான் சொல்றத அப்படியே நம்ப வேணாம். ஒரு வெள்ளக் கிண்ணத்துல டேங்க் தண்ணியோட கொஞ்சம் புழுவ எடுத்து ஒரு சொட்டு மருந்து விட்டுப் பாருங்க, சுருண்டு செத்து தண்ணியே காவிக் கலரா மாறும். மருந்து டப்பாவுல இருக்க தாளயும் ஒருதடவ படிங்க, உறிஞ்சி எடுக்கறதும் கார்பனும் அதுலயே போட்டுருக்கும்.