எனக்கு வாய்த்த பி.டி. மாஸ்டர்

எடை குறைக்க வழிகாட்டி ஒருவர் வேண்டும் என்று பலரும் சொல்வது சரிதான். ஆனால் அவர் ஜிம் பயிற்சியாளராகத்தான் இருக்க வேண்டுமா என்ன? எனக்கு வாய்த்தவர் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர். சர்க்கரை வந்த பிறகு 18 கிலோ குறைத்தவர். காலை ஐந்தரைக்கு வாசலில் நின்று பெல் அடிப்பார். மதுரை மாரியம்மன் தெப்பக்குளத்தை மூன்று சுற்று. ஒரு சுற்றே ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். டயட் என்ற வார்த்தையே அவர் வாயில் வராது. "சோத்தைப் பாதியாக்கு, காயை ரெண்டு மடங்காக்கு, டீயில சீனியை விடு", அவ்வளவுதான். நாலு டீ குடிக்கிறவனுக்கு அதிலேயே எட்டு ஸ்பூன் மிச்சம்! எட்டு மாதத்தில் நான் 94 கிலோவிலிருந்து 83. நடுவில் ஒரு மாதம் முள் அசையவே இல்லை. விட்டுவிடலாம் என்றிருந்தேன். "மெஷினைப் பாக்காத தம்பி, பெல்ட்டைப் பாரு" என்றார். பார்த்தேன், ஒரு ஓட்டை உள்ளே போயிருந்தது.