ஸ்டாண்டைப் பார்த்து வாங்குங்கள்

பினாங்கின் ஜார்ஜ் டவுன் குடும்பத்துக்கு இரண்டாவது கார் வேண்டாம், மின்சாரச் சரக்கு சைக்கிளே போதும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சமதளத்தில் சரிதான். சகலையின் வண்டியை மூன்று வாரம் இரவல் வாங்கி ஓட்டிய பிறகே எழுதுகிறேன். பின்பக்கம் நீண்ட வகை அது. (முன்னால் பெட்டி வைத்த வகையைப் புதுமை என்கிறார்கள். பயணியை முன்னே உட்காரவைத்து மிதித்த நம் பெக்காக்காரர்கள், அதாவது சைக்கிள் ரிக்‌ஷாக்காரர்கள், சிரிப்பார்கள்!)

சவ்ராஸ்தா சந்தையிலிருந்து பத்துக் கிலோ அரிசி, காய்கறி, மீன், பின்னிருக்கையில் இளைய மகள். ஓடும்போது பாரமே தெரியவில்லை. நிறுத்தும்போதுதான் தெரிந்தது. ஒற்றைக் கால் ஸ்டாண்டில் நிறுத்தி மகளை இறக்கினேன். வண்டி அரிசிப் பக்கமாக மெல்லச் சாய்ந்தது, மீன் பை சாக்கடைக்குள் போய்விட்டது. இரட்டைக் கால் ஸ்டாண்டு இல்லாத வண்டியை இனாமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

500 வாட்-மணி பேட்டரியை முழுதாக ஏற்ற அரை யூனிட்டுக்குச் சற்று அதிகமான மின்சாரம் போதும். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆயர் ஈத்தாம் பக்கம் மேட்டில் குடியிருப்பவர்கள் மிதிகட்டைகளின் நடுவே மோட்டார் உள்ளதைப் பார்ப்பது நல்லது. அது கியரைப் பயன்படுத்தி இழுக்கும்.

கட்டுரை மறந்தது மின்தூக்கியை. எங்கள் அடுக்குமாடியில் வண்டி அதற்குள் நுழையவே இல்லை. கீழே சங்கிலி போட்டுவிட்டு, பேட்டரியை மட்டும் கழற்றி ஏழாவது மாடிக்குக் கொண்டுபோனேன். மாலை மழைக்கு என்ன செய்வீர்கள் என்றாள் மனைவி. பிள்ளைகளுக்கான மழைக் கூரையின் விலையைக் கேட்டேன். மறுநாளே வண்டியைச் சகலையிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.